விளையாட்டின் மூவிடம்

முன்னுரை

ஆங்கிலப் பாடத்தில் 'பிளே' என்ற சிறு சொல்லை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். முற்றத்தில் குழந்தைகள் கூடிச் செய்வதும் 'பிளே'. ஷேக்ஸ்பியர் எழுதிவைத்துப் போனதும் 'பிளே'. பள்ளி அணிக்காகப் பந்தாடுவதும் 'பிளே'. தமிழில் எழுதும்போது முதலாவதை விளையாட்டு என்கிறோம். இரண்டாவதை நாடகம் என்கிறோம். மூன்றாவதைப் போட்டி என்றோ ஆட்டம் என்றோ சொல்கிறோம். குழந்தைமை, மேடை, மைதானம் என்று மூன்று வெவ்வேறு உலகங்களுக்கு ஆங்கிலேயர் ஏன் ஒரே சொல்லை வைத்தனர்? சொல் பஞ்சமா? அல்லது இம்மூன்றுக்கும் உள்ளே ஓர் உறவு உண்டா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விடை காணும் வழியில் நம் தமிழும் நமக்குத் துணை செய்யும்.

சொல்லின் வேர்

பழைய ஆங்கிலத்தில் 'பிளே' என்பதன் மூலச்சொல் விரைந்த அசைவைக் குறித்தது. தமிழில் 'ஆடு' என்னும் வினைச்சொல்லுக்கும் அசைதல் என்பதே முதற்பொருள். கொடி ஆடுகிறது, ஊஞ்சல் ஆடுகிறது, விழப்போகும் பல்லும் ஆடுகிறது. இந்த ஒரு வேரிலிருந்து எத்தனை சொற்கள் கிளைத்துள்ளன பாருங்கள்! கூத்தாடு, பந்தாடு, நீராடு, வேட்டையாடு, உரையாடு, வாதாடு, போராடு, கொண்டாடு, சூதாடு. மேடையும் மைதானமும் ஆறும் நீதிமன்றமும் 'ஆடு' என்ற ஒரே சொல்லின் கீழ் வந்துவிடுகின்றன. ஆகவே ஆங்கிலேயரிடம் இருக்கும் ஒற்றுமை நம்மிடமும் இருக்கிறது. நாம்தாம் அதைக் கவனிப்பதில்லை.

'விளையாட்டு' என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்கலாம். 'விளை' என்பதற்கு விருப்பம் என்று அறிஞர் சிலர் பொருள் கூறுவர். அவ்வாறாயின் விளையாட்டு என்பது விரும்பி ஆடும் ஆட்டம். பிறர் விரட்ட ஆடுவது ஆட்டமாக இருக்கலாம், விளையாட்டு ஆகாது. இக்கருத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். பின்னர் இது நமக்குத் தேவைப்படும்.

தொல்காப்பியர் இலக்கணம் எழுத வந்தவர். எனினும் விளையாட்டை அவர் மறக்கவில்லை. கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களும் விளையாட்டைக் குறிப்பன என்று உரியியலில் கூறுகிறார். மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுத்து, அவற்றுள் விளையாட்டையும் ஒன்றாக வைக்கிறார். செல்வம் இருக்கும் அதே வரிசையில் விளையாட்டும் இருக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

மேலை நாட்டுப் பழைய மொழிகளிலும் இதுபோன்ற வியப்புகள் உண்டு. இலத்தீன் மொழியில் 'லூடுஸ்' என்பது விளையாட்டையும் குறிக்கும், சிறுவர் எழுத்துப் பயிலும் பள்ளியையும் குறிக்கும். கிரேக்க மொழியில் குழந்தை, விளையாட்டு, கல்வி ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்கள் ஒரே வேரில் பிறந்தவை. நாம் தினமும் சொல்லும் 'ஸ்கூல்' என்ற சொல்லோ ஓய்வு என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பத்தாம் வகுப்பு மாணவியரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்!

விளையாட்டின் இலக்கணம்

விளையாட்டைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவருள் நெதர்லாந்து நாட்டு வரலாற்று அறிஞர் யோகான் ஹாய்சிங்கா குறிப்பிடத்தக்கவர். அவர் 1938ஆம் ஆண்டு 'ஹோமோ லூடன்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். 'விளையாடும் மனிதன்' என்பது அதன் பொருள். அவர் கண்ட இலக்கணத்தைச் சுருக்கமாகக் கூறினால் மூன்று கூறுகள் தெரியவரும். முதலாவது, விளையாட்டு விருப்பத்தால் நிகழ்வது. இரண்டாவது, அதற்கென்று ஓர் எல்லை உண்டு. தொடங்கும் நேரம், முடியும் நேரம், நடக்கும் இடம் எல்லாம் அன்றாட வாழ்விலிருந்து தனியே பிரிக்கப்பட்டவை. மூன்றாவது, அந்த எல்லைக்குள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி உண்டு.

பாண்டி ஆட்டத்துக்குத் தரையில் கரித்துண்டால் போடும் கோடு, கபடிக் களத்தின் சுண்ணாம்புக் கோடு, நாடக மேடையின் திரைச்சீலை ஆகிய மூன்றும் செய்வது ஒரே வேலைதான். "இதற்குள்ளே வேறோர் உலகம்" என்று அவை அறிவிக்கின்றன. கோட்டை மிதித்துவிட்டால் ஆட்டம் போயிற்று.

இவ்வளவு ஒற்றுமை இருக்க, மூன்றுக்கும் வேற்றுமை எங்கே இருக்கிறது? இதற்கு விடை நம் இலக்கணப் பாடத்திலேயே கிடைக்கிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் படித்திருக்கிறோம். பேசுபவர் தன்மை, எதிரே நின்று கேட்பவர் முன்னிலை, பேசப்படும் மற்றவர் படர்க்கை. குழந்தையின் விளையாட்டு தன்மை; அது 'நான்' என்பதை அறியச் செய்கிறது. போட்டி விளையாட்டு முன்னிலை. அது 'நீ' என்பதை அறியச் செய்கிறது. நாடகம் படர்க்கை, அது 'அவள், அவன், அவர்' என்பதை அறியச் செய்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

தன்மை: குழந்தையின் விளையாட்டு

ஒரு சிறுமி சொப்புச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு மண்ணைச் சோறாகவும் இலையைக் கீரையாகவும் சமைக்கிறாள். அவளுக்குப் பார்வையாளர் வேண்டியதில்லை, பரிசும் வேண்டியதில்லை. நாம் எட்டிப் பார்த்தால் நாணி நிறுத்திவிடுவாள். "என்னால் இது முடியும்" என்று தனக்குத் தானே அறிந்துகொள்வதுதான் அவள் பெறும் ஊதியம். ஐந்தாங்கல்லில் ஒரு கல்லை மேலே வீசிக் கீழே கிடப்பதை அள்ளும்போது கண்ணும் கையும் ஒன்றையொன்று கண்டுகொள்கின்றன. பல்லாங்குழியில் இரு வரிசையிலும் ஏழேழு குழிகளைச் சுற்றிப் புளியங்கொட்டைகளைப் போட்டு வரும்போது, கணக்குப் புத்தகம் திறக்காமலே கூட்டலும் கழித்தலும் வந்துவிடுகின்றன.

ரோஜர் கையுவா என்ற பிரெஞ்சு அறிஞர் 1958இல் எழுதிய நூலில் உலக விளையாட்டுகளை எல்லாம் நான்காக வகுத்தார். போட்டி, அதிர்ஷ்டம், பாவனை, தலைசுற்றல் என்பனவே அவை. நம் தெருவிலேயே நான்குக்கும் சான்று உண்டு. ஓடிப்பிடித்தல் போட்டி, தாயம் அதிர்ஷ்டம், மரப்பாச்சிக்குக் கல்யாணம் செய்வது பாவனை, கைகளை விரித்துச் சுழலும் தட்டாமாலை தலைசுற்றல். பிற்காலத்தில் மைதானத்துக்கும் மேடைக்கும் தனித்தனியே பிரிந்து போகப்போகும் எல்லாமே குழந்தைப் பருவத்தில் ஒரே முற்றத்தில் கலந்து கிடக்கின்றன. ஆகவே குழந்தை விளையாட்டை விதை நெல் எனலாம்.

குழந்தைகள் விதியில்லாமல் மனம் போனபடி விளையாடுகின்றனர் என்று பெரியவர்கள் நினைப்பதுண்டு. ரஷ்ய நாட்டு உளவியல் அறிஞர் வைகோட்ஸ்கி (1896–1934) இதை மறுத்தார். அவர் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி சுவையானது. உண்மையிலேயே உடன்பிறந்த இரு சிறுமியர், "நாம் அக்கா தங்கை விளையாட்டு விளையாடலாம்" என்று தொடங்கினராம். அவர்கள் ஏற்கெனவே அக்கா தங்கைதானே! அன்றாட வாழ்வில் அதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. விளையாட்டு என்று வந்தவுடன், அக்கா என்றால் எப்படி நடக்க வேண்டும், தங்கை என்றால் எப்படி நடக்க வேண்டும் என்ற விதி வந்துவிடுகிறது. விளையாட்டில் அக்காவாகும் சிறுமி தன் வயதுக்கு மேற்பட்ட பொறுப்போடு நடந்துகொள்கிறாள்.

நம் நற்றிணையில் 172ஆம் பாடல் இதற்கு ஈடான காட்சியைக் காட்டுகிறது. தோழியருடன் மணலில் விளையாடிய பெண்கள் புன்னை விதை ஒன்றை மண்ணில் புதைத்துவிட்டு மறந்துபோகின்றனர். விதை முளைத்து எழுகிறது. அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கின்றனர். "இது உங்களுக்குத் தங்கை" என்னும் கருத்துப்படத் தாய் சொல்லிவிடுகிறாள். அதன்பின் அந்த மரத்தடியில் நின்று காதலனோடு சிரித்துப் பேசக்கூட அவர்களுக்கு நாணம் வந்துவிடுகிறது. விளையாட்டாகப் புதைத்த விதை உடன்பிறப்பாக எழுந்து நிற்கிறது!

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமும் குழந்தை வளர்ச்சியை விளையாட்டின் வழியாகவே அளக்கிறது. அதில் பருவங்கள் பத்து. இறுதி மூன்று பருவங்கள் ஆண்பாலுக்கு ஒன்றும் பெண்பாலுக்கு ஒன்றுமாக மாறும். ஆண் குழந்தை சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி, சிறுதேர் உருட்டும். பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். சிறுமியர் மணலில் பாடுபட்டுக் கட்டிய வீட்டை உதைத்துக் கலைப்பதையும் புலவர்கள் ஒரு பருவமாக்கிப் பாடியிருக்கின்றனர். தம்பிமார் உள்ள தோழியருக்கு இதில் வியப்பு இராது.

முன்னிலை: மைதானத்தின் ஆட்டம்

குழந்தை தனியாகவும் விளையாடலாம். போட்டி விளையாட்டுக்கோ எதிரே ஒருவர் நின்றாக வேண்டும். அவரை 'எதிரி' என்கிறோம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். எதிரணி வராவிட்டால் நமக்கு ஆட்டமே இல்லை. நம்மைத் தோற்கடிக்க முயல்வதன் மூலம் நமக்கு அவர் ஓர் உதவி செய்கிறார். நம் திறமையின் எல்லை எது என்று காட்டுகிறார். ஆட்டம் முடிந்ததும் கை குலுக்குவது வெறும் சடங்கன்று. "நீ இல்லாமல் எனக்கு இந்த ஆட்டம் இல்லை" என்று சொல்லும் நன்றி அது.

நம் சடுகுடு, அதாவது கபடியை எடுத்துக்கொள்வோம். அணிக்கு ஏழு பேர் களத்தில் நிற்பர். பாடிச் செல்பவர் 30 வினாடிக்குள், ஒரே மூச்சில் 'கபடி, கபடி' என்று விடாமல் சொல்லிக்கொண்டே எதிரணியினரைத் தொட்டுவிட்டுத் தம் பக்கம் திரும்ப வேண்டும். ஆட்டமிழந்தவர் வெளியே அமர்ந்திருப்பார். தம் அணி எதிரணியினரை ஆட்டமிழக்கச் செய்யும்போது மீண்டும் உள்ளே வருவார். ஒருத்தியின் உயிர் மற்றொருத்தியின் உழைப்பில் இருக்கிறது. இதைவிட ஒற்றுமைக்குப் பாடம் வேறு உண்டோ?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. விரல் நுனி பட்டதா படவில்லையா என்பது பல வேளைகளில் நடுவருக்குத் தெரியாது. தொடப்பட்டவளுக்கு மட்டுமே தெரியும். நடுவரே இல்லாத தெரு ஆட்டத்தில், "பட்டுவிட்டது" என்று தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் சிறுமியை நாம் கண்டிருக்கிறோம். அவளை அங்கே யாரும் தண்டிக்கப் போவதில்லை. இருந்தும் உண்மையைச் சொல்கிறாள். ஏனென்றால் பொய் சொல்லி வென்றால் தான் ஆடியது ஆட்டமே அன்று என்பது அவளுக்குத் தெரியும். நீதிபோதனை வகுப்பில் கேட்பதை அவள் அங்கே செய்து காட்டுகிறாள்.

தோற்கக் கற்பதும் மைதானத்தின் பாடமே. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். வெண்கலப் பதக்கம் அவர் கையை விட்டு நழுவியது ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்தால்! கண் இமைக்கும் நேரம்கூட அதைவிட அதிகம். பதக்கம் இல்லாமல் திரும்பினாலும் நாட்டில் எத்தனையோ சிறுமியர் காலில் ஓட்டக் காலணி ஏறுவதற்கு அவரே காரணமானார். வெற்றிப் பலகையில் எழுதப்படாத வெற்றியும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

படர்க்கை: மேடையின் நாடகம்

நாடகத்தை நம் முன்னோர் முத்தமிழில் ஒன்றாக வைத்தனர். வடமொழியில் பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் நாடகம் பிறந்த கதையைச் சொல்கிறது. தேவர்கள் பிரமனிடம் சென்று, கண்ணால் காணவும் காதால் கேட்கவும் தக்க ஒரு விளையாட்டுப் பொருளைத் தங்களுக்குத் தரும்படி வேண்டினராம். நாடகம் பிறந்தது அவ்வாறுதான். பழைய ஏதென்ஸ் நகரிலோ நாடகங்கள் விழாவில் போட்டியாகவே நடைபெற்றன. சோபக்ளிசும் யூரிப்பிடீசும் பரிசுக்காகப் போட்டியிட்டவர்களே. நாடகம் விளையாட்டின் தங்கை என்பதற்கு இரு நாட்டிலும் சான்று கிடைக்கிறது.

சிறுமி மரப்பாச்சிக்குத் தாயாவதும் பாவனை. மேடையில் ஒருத்தி அரசியாவதும் பாவனை. வேறுபாடு யாதெனில், சிறுமி தனக்காகத் தாயாகிறாள். நடிகை பார்ப்பவருக்காக அரசியாகிறாள். பார்ப்பவரும் அவளோடு சேர்ந்து விளையாடுகின்றனர். அட்டைக் கிரீடத்தைப் பொன் என்று ஒப்புக்கொள்கின்றனர். இருவருக்கும் பொய் என்று தெரியும். ஆனால் அதில் வஞ்சகம் இல்லை. வஞ்சிப்பவர் தம் பொய்யை மறைப்பர். நாடகமோ திரையைக் கட்டி, மணியடித்து, "இதோ பாவனை தொடங்குகிறது" என்று அறிவித்துவிட்டே தொடங்குகிறது.

தமிழ் நாடக உலகில் சங்கரதாஸ் சுவாமிகளை (1867–1922) அறியாதார் இல்லை. அவரிடம் 1918ஆம் ஆண்டு சிறுவராகச் சேர்ந்து பயின்றவர் டி.கே. சண்முகம். பிற்காலத்தில் அவர் ஔவையார் வேடம் தாங்கி நடித்தார். வளர்ந்த ஓர் ஆண்மகன், கோலூன்றிய தமிழ் மூதாட்டியாக மாறி நின்றார். அந்த வேடம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது; 'ஔவை சண்முகம்' என்றே நாடு அவரை அழைத்தது. சென்னையில் ஒரு சாலையும் அப்பெயரைத் தாங்குகிறது. படர்க்கையாக இருந்த ஒருவரைத் தம்முள் ஏற்பது என்பது இதுதான்.

பெண்கள் பள்ளியிலோ இது தலைகீழாக நடக்கும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் சூசையப்பரும் நாமே, இடையரும் நாமே, மூன்று அரசரும் நாமே. மையால் மீசை வரைந்துகொண்டு ஏரோது மன்னனாக உறுமுவதும் நம்மில் ஒருத்தியே. கொடியவன் வேடம் போடுகிறவள் கொடியவள் ஆவதில்லை. ஆனால், "தன் அரியணைக்காக அஞ்சி ஒருவன் இப்படியும் ஆகிவிடுவானா!" என்று ஒரு மாலைப்பொழுதாவது எண்ணிப் பார்க்கிறாள். பிறர் நெஞ்சுக்குள் நுழைந்து பார்க்கும் இப்பயிற்சியை வேறெந்தப் பாடமும் இவ்வளவு எளிதில் தந்துவிடாது.

மூன்றும் ஒன்றாகக் கலந்த காட்சியைச் சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையில் காணலாம். தீய நிமித்தங்களைக் கண்டு கலங்கிய ஆயர்பாடியில், மாதரி ஏழு பெண்களை நிறுத்தி அவர்களுக்கு ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டுகிறாள். அவர்களுள் ஒருத்தி மாயவன், ஒருத்தி பலராமன், ஒருத்தி நப்பின்னை. கை கோத்து ஆடுகின்றனர். அது விளையாட்டா, நடனமா, நாடகமா, வழிபாடா? பிரித்துச் சொல்ல இயலாது. துன்பம் வரப்போகிறது என்று அஞ்சிய மக்கள் அந்நேரத்தில் கைக்கொண்டது ஓர் ஆட்டத்தையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

விளையாட்டு வினையாகும்போது

'விளையாட்டு வினையாகும்' என்பது பழமொழி. எப்போது வினையாகும்? விருப்பம், எல்லை, விதி என்னும் மூன்றில் ஒன்று முறியும்போது.

முதலில் கூறிய 'லூடுஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. உரோமாபுரியில் வாள்வீரர்களைப் பழக்கிய கூடத்துக்கும் அதுவே பெயர். அங்கே பழக்கப்பட்டவருள் பலர் அடிமைகளும் போர்க் கைதிகளுமாவர். மக்கள் கண்டு களிக்க அவர்கள் அரங்கில் வெட்டுண்டு மாண்டனர். பார்த்தவருக்கு அது விளையாட்டு. ஆடியவருக்கு விருப்பமும் இல்லை, உயிருக்கு எல்லையும் இல்லை. பெயர் விளையாட்டாக இருந்தால் மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது.

நம் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளிலும் வறுமையால் பள்ளியை விட்டுச் சேர்ந்த சிறுவர்கள் இருந்தனர். எம்.ஜி.ஆரும் அப்படிச் சிறு வயதில் சேர்ந்தவரே. பெருங்கலைஞர் பலரை அக்கம்பெனிகள் உருவாக்கின என்பது உண்மை. ஆனால் அந்த வயதில் அவர்களுக்கு நாடகம் வயிற்றுப் பிழைப்பு, விளையாட்டு அன்று.

சூதாட்டத்திலும் 'ஆட்டம்' இருக்கிறது. திருவள்ளுவர் அதைக் கண்டிக்கத் தனி அதிகாரமே வைத்தார். இன்று அது கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடை செய்ய 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. உண்மையான விளையாட்டு முடிந்தால் சொப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சூதாட்டத்துக்கு முடிவுக் கோடு இல்லை. தோற்ற பணம் ஆட்டத்தின் எல்லையைத் தாண்டிக் குடும்பத்துக்குள் வந்துவிடுகிறது.

பெண்ணும் விளையாட்டும்

மூவிடத்திலும் பெண்களுக்கு இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பெண்கள் ஒருவரும் இல்லை. 1900இல் பாரிசில்தான் முதன்முதலாகப் பங்கு பெற்றனர். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கில மேடையில் பெண் வேடங்களைச் சிறுவர்களே தாங்கினர். நம் நாட்டிலும் நெடுங்காலம் 'ஸ்திரீபார்ட்' என்று பெண் வேடத்தைப் பெரும்பாலும் ஆண்களே ஏற்றனர். அக்காலத்திலேயே கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டு நாடகக் குழு நடத்தியது பெருஞ்செயலாகும். கபடி 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்டது. பெண்கள் கபடி சேர்வதற்கு மேலும் 20 ஆண்டுகள் ஆயின. 2010இல் குவாங்சோ நகரில் வாய்ப்புக் கிடைத்தவுடனே இந்தியப் பெண்கள் தங்கம் வென்று காட்டினர்.

இவை பெரிய மேடைகளின் கதை. நம் வீட்டுக் கதையையும் சற்றுப் பார்ப்போம். ஒரு பெண் பத்தாம் வகுப்புக்கு வந்தவுடன் மூவிடமும் ஒரே ஆண்டில் மூடப்படுகின்றன. "பெரியவளாகிவிட்டாய், இன்னும் என்ன தெருவில் விளையாட்டு?" என்பதால் தன்மை போயிற்று. விளையாட்டுப் பாடவேளை மாதிரித் தேர்வுக்கு மாறுவதால் முன்னிலை போயிற்று. "பொதுத்தேர்வு ஆண்டில் நாடகம் எதற்கு?" என்பதால் படர்க்கையும் போயிற்று. எங்கள் தம்பிகளும் அண்ணன்களும் மாலையில் மட்டையோடு வெளியே போகும்போது நாங்கள் சன்னலருகே அமர்ந்து வாய்பாடு ஒப்புவிக்கிறோம். பெற்றோர் நம் நன்மைக்காகவே இப்படிச் செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. எங்கள் மதிப்பெண்ணில் அவர்களின் கனவு இருக்கிறது என்பதையும் நாங்கள் அறிவோம். ஆயினும் ஒரு மணி விளையாட்டு அந்தக் கனவுக்குப் பகையா என்பதே என் கேள்வி.

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுவரை உள்ளோர்க்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது நன்கு மூச்சிரைக்கும் உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் கலை வாழ்வும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றுக்கொண்டது. அந்த உடன்படிக்கையின்படி 18 வயது நிறையாதவர் குழந்தையே. ஆகவே 15 வயதுப் பெண்ணும் அந்த உரிமைக்குள் அடங்குகிறாள். பாரதியாரும் தம் பாப்பாப் பாட்டில் காலையைப் படிப்புக்கு வைத்தவர், மாலை முழுவதையும் விளையாட்டுக்கே விட்டுக்கொடுத்தார்.

இவர்கள் அனைவருக்கும் முன்பே பேசிய ஒரு பெண் நற்றிணையில் இருக்கிறாள். 68ஆம் பாடலில் வரும் தோழி அவள். இளம் பெண்கள் ஆடுவதை அக்காலத்தில் ஓரை என்றனர். விளையாடும் தோழியரோடு ஓரை ஆடாமல் இளையோரை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பது அறமும் ஆகாது, அதனால் வீட்டின் ஆக்கமும் தேயும் என்று அவள் சொல்கிறாள். பிறகு ஓர் ஏக்கமும் வெளிப்படுகிறது. அன்னையை வணங்கி இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்வார் ஒருவர் கிடைத்தால், பொங்கி வரும் புதுநீரில் மனம் நிறைய நாம் ஆடலாமே என்கிறாள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், குழந்தையின் விளையாட்டும் மைதானத்தின் ஆட்டமும் மேடையின் நாடகமும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதும், மூன்றுக்கும் விருப்பமும் எல்லையும் விதியும் பொது என்பதும் விளங்கும். வேறுபாடோ மூவிடத்தில் இருக்கிறது. ஒன்று தன்னை அறியவும், ஒன்று எதிரில் நிற்பவரை மதிக்கவும், ஒன்று காணாத பிறரை உணரவும் கற்பிக்கிறது. தன்மை மட்டும் தெரிந்து, முன்னிலையும் படர்க்கையும் தெரியாதவரால் ஒரு வாக்கியமும் சரியாகப் பேச முடியாது. வாழ்க்கைக்கும் அது பொருந்தும்.

தோழியரே! மதிப்பெண்ணுக்காகப் படிப்போம், அதில் குறை வைக்க வேண்டாம். ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் கைப்பேசியை வைத்துவிட்டு முற்றத்துக்கு வாருங்கள். கல் ஐந்து போதும். அல்லது ஒரு கயிறு போதும்.

அன்புப் பெற்றோரே, மதிப்புக்குரிய அருட்சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே! வணங்கிச் சொல்ல ஒருவர் வேண்டும் என்று அன்று அந்தத் தோழி ஏங்கினாள். இவ்வாண்டு மலரின் வழியாக நான் வணங்கிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக்கும் விளையாட்டுப் பாடவேளை இருக்கட்டும். ஆண்டு விழா நாடகத்தில் எங்களுக்கும் ஒரு வேடம் இருக்கட்டும். இது ஒரு மன்றாட்டு. கோவிலில் நாம் நாள்தோறும் சொல்லும் அச்சொல்லிலும் ஓர் 'ஆட்டு' இருக்கிறது என்பதை நினைவூட்டி முடிக்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு